பதினோராம் அத்தியாயம்

ஞாயிறு, மதியம் 3.05.

ஆகஸ்ட் மாதத்து வளைகுடா வெயிலில் அல் குசைஸில் யாரும் அறைக் கதவைத் திறந்து போட்டுவிட்டு உள்ளே உட்கார மாட்டார்கள். அதனால் மூன்றாம் மாடியில் 304-இன் கதவு விரியக் கிடந்ததைப் பார்த்ததும் ராஜிக் படியிலேயே நின்றார். அதே அறையில் குடியிருப்பவர், புத்தளத்துக்காரர். ஒரு ஹோட்டல் சமையலறையில் பன்னிரண்டு வருடமாக வேலை. காலை டூட்டி முடித்துக் கையில் டிபனோடு வந்திருந்தார்.

"கார்மேகம்?"

எங்கோ தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

உள்ளே, மூன்று கட்டில்களுக்கு நடுவே கார்மேகம் தரையில் அமர்ந்திருந்தான். அவன் மடியில் அறைத்தோழன் அருள்முருகன் கிடந்தான். சட்டையைப் பார்த்துத்தான் அது அருள்முருகன் என்று ராஜிக்குக்குத் தெரிந்தது. முகம் இருந்த இடத்தில் முகம் இல்லை. ஒரு பல் தூரமாக, ஏசியின் அடியில் கிடந்தது. பக்கத்தில் குத்துவிளக்கின் நடுத்தண்டு. மரை கழற்றிய பித்தளைத் தண்டு, ஒரு முழ நீளம். அதன் முனையில் தலைமுடி ஒட்டியிருந்தது.

கீழ்க்கட்டிலில் ஆறு கட்டுகளாக அறுபது புத்தகங்கள். எல்லாம் ஒரே புத்தகம். 'மூன்றடுக்குக் கட்டில்', நாவல், கார்மேகம். மேலே இருந்த அட்டைகளில் ரத்தம் தெறித்து, ஆசிரியர் பெயரின் மேல் வழிந்து உறைந்திருந்தது.

இன்னும் இரண்டு மணி நேரத்தில் அந்தப் புத்தகத்துக்கு வெளியீட்டு விழா.

மாலை 4.10.

காவல்துறை அழைத்தால் வரும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் தாமரை. திருச்சிக்காரர். நாற்பத்தாறு வயது. வேலையில் அவருக்கு ஒரே விதி: சொன்னதைச் சொல்வது, தன் சொல் ஒன்றையும் சேர்க்காமல் இருப்பது. பதின்மூன்று வருடமாக அப்படித்தான் இருந்தார். நிறையப் படிப்பார், குறைவாகப் பேசுவார். லெப்டினன்ட் ஹசன் அலிக்கு அவரைப் பிடித்திருந்ததற்குக் காரணமும் அதுதான்.

"கேஸ் எளிது" என்றார் ஹசன் அலி அரபியில். "பன்னிரண்டரைக்கு இந்தக் கார்மேகம், இறந்தவனிடம் 'உன்னைக் கொல்லாமல் விடமாட்டேன்' என்று கத்தியதைப் பக்கத்து அறையில் மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். முன்வாசல் கேமராவில் வெளியாள் யாரும் இல்லை. பின்னால் மளிகைக்கடைப் பக்கம் ஒரு படிக்கட்டு உண்டு, அங்கே கேமரா கிடையாது. ஆனால் அந்த வழி இங்கே குடியிருப்பவர்களுக்கு மட்டுமே தெரியும். இவன் உடம்பு முழுக்க ரத்தம். நாங்கள் வந்ததிலிருந்து ஒரே வாக்கியத்தைச் சொல்கிறான். அது என்னவென்று எனக்குச் சொல்லுங்கள்."

தாமரை கார்மேகத்தின் எதிரே குந்தி உட்கார்ந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். சாரம் கட்டும் வேலை செய்தவனின் தோள்கள். விழாவுக்காக வாங்கிய வெள்ளைச் சட்டை, கடை மடிப்புக்கூடக் கலையவில்லை. மடிப்பெல்லாம் சிவப்பு.

"அந்த அத்தியாயத்தைக் காணோம்" என்றான்.

"எந்த அத்தியாயம்?" என்று கேட்கச் சொன்னார் ஹசன் அலி.

"பதினொண்ணு. கதையில வர்ற பாலுச்சாமி குளிக்கிறது. பத்துக்கப்புறம் பன்னெண்டு வந்துருச்சு, நம்பர மட்டும் மாத்திட்டாங்க. அருளுதான் டைப் அடிக்காம விட்டுட்டான்னு நெனச்சேன் மேடம். அதுக்குத்தான் கத்துனேன்."

தாமரை அப்படியே சொன்னார். ஹசன் அலி அதைக் குறித்துக்கொண்டு, "ஒரு பக்கத்துக்காகக் கொலையா?" என்றார்.

அதையும் அப்படியே சொன்னார் தாமரை.

"ஏழு பக்கம்" என்றான் கார்மேகம்.

மாலை 4.25.

அவன் பேசத் தொடங்கினான். முகத்தைப் பார்க்காமல், தரையைப் பார்த்து.

ஒன்பது வருடம் முன்பு முதுகுளத்தூரிலிருந்து வந்தவன். தொழிலாளர் கேம்ப்பில் இருந்தபோது நோட்டில் எழுதத் தொடங்கினான். நான்கு நோட்டுகள் ஆயின. அவன் எழுத்து அவனுக்கே புரியாது. வெல்டரான அருள்முருகனுக்கு மட்டும் புரிந்தது. டூட்டி முடிந்து வந்து, கட்டிலில் மல்லாந்து படுத்து, கட்டை விரலால் போனில் டைப் அடித்தான். இரண்டு வருடம். சென்னையில் கிளிஞ்சல் பதிப்பகத்துக்கு அனுப்பியதும் அவன்தான்.

"பதிப்பகத்து முரளிதரன் சார் புடிச்சிருக்குன்னு மெயில் போட்ட அன்னைக்கு நாங்க ரெண்டு பேரும் சைட்ல முப்பதாவது மாடியில இருந்தோம். நான் குதிச்சுட்டேன். பெல்ட் மாட்டிருந்தேன், இல்லன்னா போயிருப்பேன். அப்புறம் மூணு வருசம். இந்த மாசம், அடுத்த மாசம். நடுவுல ஒரு வருசம் பதிலே இல்ல. புத்தகம் வராதுன்னு நோட்டத் தூக்கிக் குப்பையில போட்டுட்டேன். அருளு போய் எடுத்துட்டு வந்தான். மீன் முள்ளோட. போன மாசம் அட்டைப் படம் வந்துச்சு. அந்தப் படத்தை எங்க கிரேன் ஆப்பரேட்டர் பட்டான்கிட்டக் காட்டுனேன். அவருக்குத் தமிழ் தெரியாது. என் பேரு எதுன்னு கேட்டு, அந்த எழுத்தத் தடவிப் பார்த்தாரு."

"இன்று என்ன நடந்தது?" ஹசன் அலி.

"கட்டப் பிரிச்சேன். மோந்து பார்த்தேன். அப்புறம் பத்தாவது அத்தியாயம் முடிஞ்சு திருப்புறேன், இல்ல. கண்ணு இருட்டிருச்சு. அவன் சட்டையப் புடிச்சேன். கொன்னுருவேன்னேன்."

"அவன் என்ன சொன்னான்?"

கார்மேகம் சிவந்த சட்டை மடிப்பை நீவிக்கொண்டிருந்தான். ஹசன் அலி பேனாவால் தட்டினார். தாமரை கையசைத்துப் பொறுக்கச் சொன்னார்.

"ஒண்ணும் சொல்லல. 'அஞ்சு மணிக்கு எல்லாம் சரியாயிரும்டா, போய் மண்டபத்துல நாற்காலியப் போடு'ன்னான். நான் போயிட்டேன். மூணுக்குப் பத்து நிமிசம் இருக்கறப்ப விளக்க எடுக்க வந்தேன். அவன் கெடந்தான், தூக்கிப் பார்த்தேன். அவ்வளவுதான்."

"ஏன் போலீஸைக் கூப்பிடவில்லை?"

"அவனத் தரையில வைக்கணுமே."

தாமரை அதையும் ஒரு சொல் சேர்க்காமல் சொன்னார்.

மாலை 4.40.

குளியலறை. ஒரு ஆள் திரும்பும் இடம். கைகழுவும் தொட்டியில் இரண்டு குழாய்கள். ஒன்றில் நீலப் பொட்டு, ஒன்றில் சிவப்புப் பொட்டு. நீலக் குழாயின் பிடியில் ரத்தம் அப்பியிருந்தது, ரேகை கலைந்து. சிவப்புப் பிடி சுத்தமாக இருந்தது. தொட்டிக்குள் ஒரு துண்டு. அதில் சோப்பு நுரை காய்ந்து, கறை வெளுக்காமல் காப்பிக் கொட்டை நிறத்தில் பிடித்திருந்தது. மேலே ஹீட்டர், அதன் சுவிட்சின் மேல் குறுக்காக டேப் ஒட்டியிருந்தது, பழைய டேப். தண்ணீர் வாளிக்குள் உடைந்த போன் ஒன்று கிடந்தது. அருள்முருகனுடையது.

"நான் வேல முடிஞ்சி வரக்குள்ள தண்ணி ஓடிக்கிட்டிருந்திச்சு, மேடம்" என்றார் ராஜிக். "நான்தான் மூடினது."

"எந்தக் குழாய்?" என்றார் ஹசன் அலி.

"நீலம்."

"பிடியில் உங்கள் ரேகை இல்லையே" என்றார் ஹசன் அலி.

"துணியச் சுத்தித்தான் மூடினேன்."

ஹசன் அலியின் புருவம் உயர்ந்தது. "ஏன் துணி?"

"வெறுங்கையால புடிக்க ஏலாது."

"ரத்தம் இருந்ததாலா?"

"ரத்தமும்தான்."

ஹசன் அலி தாமரையிடம் திரும்பி, "ரேகையை அழித்தவன் இவன். இவனுக்கும் இறந்தவனுக்கும் பகை உண்டா, கேளுங்கள்" என்றார்.

கேட்டார். ராஜிக் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் வாயைத் திறந்து மூடினார். "பகை எண்டா... இந்தப் புத்தகத்துல ஒரு சமையக்காரன் வாறான். ஃப்ரிட்ஜில மத்தாக்கள்ட முட்டையக் களவெடுத்துத் திங்கிறவன். அது நான்தான். அருள் டைப் அடிக்கக்குள்ளயே எனக்கு வாசிச்சுக் காட்டிட்டான். நாலு முட்டைதான்டா எடுத்தது, நீங்க பத்து எண்டு எழுதியிருக்கீங்களேண்டு கேட்டேன். 'பத்துன்னாத்தான் இலக்கியம் ராஜிக் பாய்'ண்டான்." சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தார். "அவனப் போய் நான் அடிப்பேனா?"

மாலை 4.55.

தடயவியல் ஆட்கள் முகத்தில் விழுந்தது ஏழு அடி என்று கணக்குச் சொல்லிவிட்டு, கார்மேகத்தின் நகங்களைச் சுரண்டி எடுத்து, சட்டையைக் கழற்றிப் பையில் போட்டார்கள். பிறகு கை கழுவ அனுமதித்தார்கள். குளியலறை முத்திரையிடப்பட்டிருந்ததால் சமையலறைக்குக் கூட்டிப் போனார்கள். அங்கேயும் தொட்டியில் இரண்டு குழாய்கள், நீலமும் சிவப்பும்; அதே ஹீட்டர்தான்.

தாமரை கதவருகில் நின்றிருந்தார். கையில் கார்மேகத்தின் மூன்றாவது நோட்டு. பெட்டியிலிருந்து அவனே எடுத்துத் தந்தது. பதினோராம் அத்தியாயத்தை அப்போதுதான் படித்து முடித்திருந்தார்.

கார்மேகம் தொட்டியின் முன் நின்றான். கண்கள் சுவரில் இருந்தன. குழாயைப் பார்க்கவே இல்லை. கை தானாகப் போய்ச் சிவப்புக் குழாயைத் திறந்தது. நீருக்கடியில் கைகளை நீட்டினான். ரத்தம் இளஞ்சிவப்பாகக் கரைந்து ஓடியது. வெகுநேரம் ஓடியது.

தாமரை நோட்டை மூடினார்.

"லெப்டினன்ட், பதிப்பாளர் எங்கே?"

"விழா மண்டபத்தில். இரண்டு தெரு தள்ளி. வெள்ளிக்கிழமைதான் சென்னையிலிருந்து வந்திருக்கிறார். இந்தக் கட்டிடத்துக்குள் வந்ததே இல்லை என்கிறார். புத்தகக் கட்டுகளை நேற்று அருள்முருகன் அவருடைய ஹோட்டலுக்குப் போய் டாக்சியில் எடுத்து வந்திருக்கிறான். ஏன்?"

"அவரை இங்கே வரச் சொல்லுங்கள். வாக்குமூலம் எடுத்து, பத்து விரல் ரேகையும் எடுங்கள். மையால்."

"என்னிடம் இயந்திரம் இருக்கிறதே."

"இன்று மை வேண்டும்."

பதின்மூன்று வருடத்தில் தாமரை தன் சொல்லாகப் பேசியது அதுவே முதல்முறை. ஹசன் அலி அவரைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு போனை எடுத்தார்.

மாலை 5.05.

அருள்முருகனுக்கு ஒரு தங்கை. சங்கீதா, மதுரையில் இருந்தாள். செய்தியை ராஜிக் சொல்லியிருந்தார். தாமரை கூப்பிட்டபோது அழுது முடித்த குரலில்தான் பேசினாள்.

"கடைசியா எப்பம்மா பேசுனாரு?"

"நேத்து சாயங்காலம். ஒரு புத்தகத்தத் தேடி வாங்கி, போட்டோ எடுத்து அனுப்புன்னுச்சு அண்ணன். ரெண்டு கடையில இல்ல, மூணாவது கடையில கெடச்சது. அனுப்புனேன். பார்த்துட்டு உடனே போன் பண்ணுச்சு. 'கார்மேகத்துக்கு இப்ப தெரிய வேணாம், விழா நல்லா நடக்கட்டும், நான் பார்த்துக்கிறேன்'னுச்சு."

"அந்தப் படங்க உங்ககிட்ட இருக்கா?"

"புத்தகமே இங்கதாங்க இருக்கு."

"எனக்கும் அனுப்புங்க. முதல் பக்கம், பின்னட்டை, பத்தாவது அத்தியாயத்தோட முடிவு."

மாலை 5.30.

முரளிதரன் பட்டு ஜிப்பாவில் வந்தார். ஐம்பத்தைந்து வயது, அழகாகச் சீவிய நரை. இருபத்திரண்டு வருடமாக மற்றவர்களின் புத்தகங்களைப் போட்டு வருபவர். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கண் கலங்கினார்.

"என்ன ஒரு இழப்பு மேடம். அந்தப் பையன் இல்லன்னா இந்த நாவலே இல்ல." கைவிலங்கோடு மூலையில் உட்கார்ந்திருந்த கார்மேகத்தைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "எழுதுறவங்க கொஞ்சம் உணர்ச்சிவசப்படுவாங்க. முதல் நாவல்னா கேக்கவே வேணாம். ஆனா இந்த அளவுக்கா?"

ராஜிக் தேநீர் கொண்டுவந்தார். முரளிதரன் தம்ளரை நேராகப் பிடிக்கவில்லை. கைக்குட்டையைச் சுற்றி, விரல் நுனிகளால் பிடித்தார்.

"கையில் என்ன?" என்று கேட்டார் ஹசன் அலி.

"ஹோட்டல்ல காலையில டீ கொட்டிடுச்சு."

"மதியம் ஒன்றரையிலிருந்து மூன்று வரை எங்கே இருந்தீர்கள்?"

"ரூம்லதான். தூங்கினேன். வெயில்ல யாரு வெளிய போவா?"

"பதினோராம் அத்தியாயம் ஏன் இல்லை?"

கேள்வி தாமரையுடையது. முரளிதரன் திரும்பினார்.

"அதுவா? எடிட்டிங் மேடம். ஒருத்தன் பாத்ரூம்ல தண்ணிக்காக நிக்கிறான், ஏழு பக்கம். யாரு படிப்பா? எனக்கே முதல் பக்கத்தத் தாண்டல. தூக்கிட்டேன். நாவலுக்கு ஒரு நஷ்டமும் இல்ல."

மூலையில் விலங்கு குலுங்கியது. காவலர் ஒருவர் கார்மேகத்தின் தோளை அழுத்தினார்.

ரேகை எடுத்தார்கள். பத்து விரலிலும் கறுப்பு மை. "சமையலறையில் கழுவிக்கொள்ளுங்கள்" என்றார் ஹசன் அலி.

முரளிதரன் சமையலறைக்குப் போனார். தாமரையும் ஹசன் அலியும் கதவருகில் நின்றார்கள்.

அவர் இரண்டு குழாய்களின் முன் நின்றார். கை நீலக் குழாயை நோக்கிப் போனது. பாதியில் நின்றது. திரும்பிச் சிவப்பை நோக்கிப் போனது. அங்கேயும் நின்றது. கைகளை இழுத்துக்கொண்டு, கைக்குட்டையால் மையைத் துடைக்கத் தொடங்கினார். அழுத்தித் துடைக்கும்போது வலியில் உதடு கோணியது.

"தண்ணியில கழுவலையா சார்?"

"வேணாம் மேடம். போயிடும்."

"அருள்முருகனை அடிச்சுக் கொன்னது நீங்கதான்" என்றார் தாமரை.

மாலை 5.45.

சமையலறை வாசலுக்கு ராஜிக்கும் வந்து நின்றார். முரளிதரன் சிரித்தார். "மொழிபெயர்க்க வந்தவங்கதானே நீங்க?"

"ஆமா. இப்பவும் அதைத்தான் செய்யுறேன்." ஹசன் அலிக்காக அரபியிலும் முரளிதரனுக்காகத் தமிழிலும், வாக்கியத்துக்கு வாக்கியம் மாறி மாறிப் பேசினார்.

"லெப்டினன்ட், அந்த நீலக் குழாயைத் திறந்து கையை வையுங்கள்."

ஹசன் அலி திறந்தார். ஐந்து விநாடியில் கையை உதறினார்.

"இப்போது சிவப்பு."

வைத்தார். எடுக்கவில்லை. "இது குளிர்கிறது!"

"உங்கள் வீட்டுத் தொட்டிக்குக் குளிரூட்டி இருக்கும். எனக்கும் இப்போது அப்படி ஒரு கட்டிடம்தான், அதனால்தான் எனக்கே உடனே தோன்றவில்லை. இங்கே மொட்டைமாடியில் தொட்டி வெறும் வெயிலில் நிற்கிறது. மே மாதத்திலிருந்து நீலக் குழாயில் வருவது கொதிநீர். அதனால் இந்த மாதிரி அறைகளில் ஹீட்டரை அணைத்து, யாரும் போடாமல் டேப் ஒட்டிவிடுவார்கள். நீர் ஹீட்டருக்குள் தங்கி, ஏசி அறையின் குளிர்ச்சியில் ஆறிக் கிடக்கும். கோடை முழுக்கச் சிவப்புக் குழாய்தான் குளிர்ந்த நீர். இங்கே ஒரு கோடை இருந்தவனின் கை, கண்ணை மூடிக்கொண்டு சிவப்புக்குப் போகும். கார்மேகத்தின் கை அப்படித்தான் போனது. அவன் அப்போது குழாயைப் பார்க்கக்கூட இல்லை."

ராஜிக் மெதுவாகத் தலையாட்டினார். "அதுக்குத்தான் துணி சுத்தினது. இரும்பும் கொதிச்சுப் போயிருந்திச்சு. அதச் சொல்லணுமாண்டு நெனச்சேன். எல்லாருக்கும் தெரியும்தானே."

"கொலை செய்தவன் ரத்தக் கையோடு நீலக் குழாயைத் திறந்திருக்கிறான். சிவப்பைத் தொடவே இல்லை. ஊரில் வெயில் காலத்தில் என்ன செய்வோம்? கொஞ்ச நேரம் விட்டால் குழாயில் தங்கிய சூடு போய் ஜில்லென்று வரும் என்று நிற்போம். அவனும் நின்றான். இங்கே விட விடச் சூடு ஏறும். துண்டை நனைத்தான், தேய்த்தான். சூட்டில் ரத்தம் போகாது, நூலில் பிடித்துக்கொள்ளும். கைகள் வெந்தன. கடைசியில் பிடியைத் தொட முடியாமல், ஓடும் நீரை ஓடவிட்டுப் போய்விட்டான். ஹோட்டலில் இந்தத் தொல்லை இல்லை, அதனால் இரண்டு நாளில் கற்றுக்கொள்ளவும் வழியில்லை."

"இதெல்லாம் கதை மேடம்" என்றார் முரளிதரன்.

"கதைதான். இப்பத்தான் ஒண்ணு பார்த்தேன். ஒண்ணும் தெரியாம வந்தவர் நீலத்தைத் திறந்திருப்பார். தெரிஞ்சவர் சிவப்பைத் திறந்திருப்பார். நீங்க ரெண்டையும் திறக்கல. நீலம் சுடும்னு உங்களுக்குத் தெரியும். சிவப்பு அதைவிடச் சுடும்னு நெனச்சீங்க. நீலம் சுடும்னு எந்தக் குழாயில கத்துக்கிட்டீங்க சார்? இந்தக் கட்டிடத்துக்குள்ளேயே வரலைன்னீங்களே? கைக்குட்டையை எடுங்க."

அவர் எடுக்கவில்லை. ஹசன் அலி எடுத்தார். இரண்டு கைகளும் மணிக்கட்டு வரை, அளவெடுத்ததுபோலச் சமமாகச் சிவந்திருந்தன. விரலிடுக்கில் கொப்புளங்கள்.

"டீ ரெண்டு கையிலயும் ஒரே மாதிரி கொட்டாது."

தாமரையின் போன் அதிர்ந்தது. மதுரையிலிருந்து நான்கு படங்கள். பார்த்தார். முரளிதரனை அறைக்குக் கூட்டி வரச் சொன்னார். பிறகு போனை முரளிதரனின் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

'இரும்புத் தூக்கம்'. முதல் பதிப்பு, சென்ற மார்ச். பின்னட்டையில் இதே ஜிப்பா, இதே நரை. கீழே ஒரு வரி: முரளிதரனின் முதல் நாவல்.

தாமரை முதல் பத்தியைச் சத்தமாகப் படித்தார். மூன்றாவது வாக்கியத்தில் மூலையிலிருந்து ஒரு குரல் கூடவே சொல்லத் தொடங்கியது. கார்மேகம். பார்க்காமல், ஒரு சொல் பிசகாமல், பத்தி முடியும்வரை சொன்னான்.

"ஊர்ப் பேரு, ஆள் பேரு மட்டும் மாறியிருக்கு" என்றார் தாமரை. "இதுலயும் பதினோராம் அத்தியாயம் இல்ல. கார்மேகத்துக்கு ஒரு அறுபது பிரதி தனியா அடிச்சுக் கொண்டுவந்து கையில கொடுத்துட்டா வாயை மூடிக்குவாரு. ரெண்டு வருசத்துக்கு ஒருமுறை ஊருக்கு வர்ற ஆளு, எந்தப் புத்தகக்கடைக்குப் போகப் போறாரு? அப்படித்தானே? நேத்து கட்டு எடுக்க ஹோட்டலுக்கு வந்தப்ப உங்க புத்தகத்தோட பேரு அருள்முருகன் கண்ணுல பட்டிருக்கணும், கண்டுபிடிச்சிட்டாரு. நண்பனோட விழா கெடக்கூடாதுன்னு அவர்கிட்டச் சொல்லாம, திட்டையும் வாங்கிக்கிட்டு, உங்களைத் தனியாக் கூப்பிட்டாரு. பின்படிக்கட்டு வழியையும் அவரே சொல்லியிருக்கணும்."

முரளிதரன் சுவரில் சாய்ந்தார். வயது திடீரென்று பத்து ஏறியது.

"அஞ்சு மணிக்கு மேடையில அது என் நாவல் இல்லைன்னு நானே சொல்லணும்னான்" என்றார். "இருபத்திரண்டு வருசம். எத்தனை பேரோட முதல் புத்தகத்தை நான் போட்டேன் தெரியுமா? என்னை ஒருத்தன் எழுத்தாளர்னு கூப்பிட்டதில்ல. மார்ச்லேர்ந்துதான் கூப்பிடுறாங்க. முதல்முறையா. அதைப் போய் ஒரு வெல்டர் பையன், மைக்கைப் புடிச்சுச் சொல்லுங்கன்னா..." நிறுத்தினார். "விளக்கு பிரிச்சு வெச்சிருந்தது. ஒரு அடியில விழுந்துட்டான். ஆனா கண்ணு திறந்தே இருந்தது. பார்த்துக்கிட்டே இருந்தான்."

"அதனால ஏழு அடி" என்றார் தாமரை.

அந்த நொடியில் கார்மேகம் எழுந்தான். தோளை அழுத்தியிருந்த காவலரோடு சேர்ந்து எழுந்தான். விலங்கிட்ட இரண்டு கைகளையும் சேர்த்து முரளிதரனின் வாயில் இறக்கினான். எலும்பு உடையும் சத்தம் கேட்டது. பட்டு ஜிப்பாவில் ரத்தம் கொட்டியது. இரண்டாவது முறை கை ஓங்கியபோது ஹசன் அலி அவன் இடுப்பைச் சுற்றிப் பிடித்தார். மூன்று பேர் சேர்ந்து இழுத்தும் அவன் நகரவில்லை. ராஜிக் குறுக்கே வந்து நின்றார்.

"கலாஸ்டா" என்றார். "கலாஸ், முடிஞ்சிச்சு. அருள்ட ரத்தத்துல இவன்டத விழ வைக்காத."

கார்மேகம் தரையைப் பார்த்தான். கை இறங்கியது.

மாலை 6.40.

முரளிதரனின் ஹோட்டல் அறையில், பெட்டிக்கடியில், பிளாஸ்டிக் பையில் ஒரு சட்டை கிடைத்தது. நன்றாகத் துவைத்த சட்டை. முன்பக்கம் முழுக்கக் காப்பிக் கொட்டை நிறக் கறை. கூடவே 304-இலிருந்து எடுத்த அருள்முருகனின் கட்டம் போட்ட சட்டையும் இருந்தது; வெளியே போவதற்கு அதைத்தான் மேலே போட்டிருக்கிறார்.

செவ்வாய், காலை 10.20.

காவல் நிலையத்தின் நடைபாதையில் கார்மேகம் உட்கார்ந்திருந்தான். பதிப்பாளரை அடித்ததற்கு எச்சரித்து அனுப்பியிருந்தார்கள். அருள்முருகனின் உடல் வியாழக்கிழமை விமானத்தில் மதுரைக்குப் போகிறது. கூடவே போக அவனுக்கு அவசர லீவு கிடைத்திருந்தது. அறுபது பிரதிகளும் சாட்சிப் பொருளாகச் சீலிட்ட பெட்டியில் இருந்தன. ஒன்றுகூட யார் கைக்கும் போகவில்லை.

தாமரை ஒரு கோப்போடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நோட்ட எப்பக் குடுப்பாங்க மேடம்?"

"வழக்கு முடியணும். பதினோராம் அத்தியாயம் அதுல முக்கியமான சாட்சி. முழுசா மொழிபெயர்த்துக் கேட்டாரு லெப்டினன்ட். ரெண்டு நாளா அதைத்தான் செஞ்சேன்."

"முழுசாவா? ஏழு பக்கமும்?"

"ஒரு வரி விடல. பாலுச்சாமி நீலக் குழாய்கிட்ட நின்னு, 'இந்த ஊர்ல தண்ணிகூட நம்மள அடிக்குதே'ங்குற எடத்துல ஹசன் அலி நிறுத்தச் சொன்னாரு. எழுந்து போய் ஜன்னல்கிட்ட நின்னுட்டு வந்தாரு. அப்புறம் படிங்கன்னாரு."

கார்மேகம் கையை விரித்து மூடினான்.

"அருளுக்கும் அந்த எடம்தான் புடிக்கும்." பிறகு கோப்பைப் பார்த்து, "மேடம், அதுல என் பேரு போட்டிருக்கா?" என்றான்.

தாமரை கோப்பைத் திறந்தார். முதல் பக்கம், அரபி எழுத்து, கீழே வட்ட முத்திரை. மேலே ஒரு வரியின் மேல் விரலை வைத்தார்.

"இதுதான். எழுதியவர், கார்மேகம்."

அவனுக்கு அரபி படிக்கத் தெரியாது. குனிந்து, எது முதல் எழுத்து என்று கேட்டான். தாமரை காட்டினார். வலமிருந்து தொடங்கி, ஒவ்வொன்றாக, மெதுவாகத் தடவிக்கொண்டு போனான்.